வட்டத்துக்கு வெளியே நான்கு பேர்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அடுப்பில் சாதம் வடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அதோடு போயிருந்தால் இதை நல்ல நாள் என்றே சொல்லலாம்.

பிளஸ் ஒன் ரிவிஷன் கணக்குத் தேர்வின் வினாத்தாளை யாரோ முன்கூட்டியே போட்டோ எடுத்திருக்கிறார்கள். நேற்று மாலை விடுதியில் சஞ்சீவ் என்ற ஏ செக்‌ஷன் பையனின் பெட்டியில் செல்போன் பிடிபட்டது. வினாத்தாளோடு, எங்கள் துறைத் தலைவர் பொன்னரசு சார் கையால் எழுதிய விடைக்குறிப்பும் அதில் இருந்தது. மேசைமேல் திறந்து போட்டுவிட்டு மனிதர் டீ குடிக்கப் போயிருப்பார். அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. பையன் மூன்று பேருக்கு அனுப்பியதாக ஒத்துக்கொண்டான். யாருக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறான். அனுப்பிய தடத்தையெல்லாம் அழித்தும் விட்டான்.

தாளாளர் மதியம் கணக்கு டீச்சர்களைக் கூப்பிட்டார். கடைசி ஐந்து மார்க் கணக்குதான் அவருக்குக் கிடைத்த தடயம். அது புத்தகத்தில் இல்லாத கணக்கு, சார் தானே யோசித்துப் போட்டது. நூற்று இருபது பிள்ளைகளில் சிலர்தான் சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

"பேப்பரைப் பார்த்த சஞ்சீவ் கரெக்டா போட்டிருக்கறான். அப்ப கரெக்டா போட்டவந்தான் பேப்பரைப் பார்த்தவன். இதுல என்னம்மா ஆராய்ச்சி?" என்றார்.

பொன்னரசு சார் தலையை ஆட்டினார். முதுகலைக் கணிதம் படித்தவர், இருபது வருடமாக நிகழ்தகவு நடத்துபவர், தலையை ஆட்டினார்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏ செக்‌ஷன் பிள்ளைகள் போடத்தானே செய்வார்கள் என்று அவர்களைத் தள்ளிவிட்டார்கள். மிச்சமுள்ள பி, சி செக்‌ஷன்களில் இருபது பேர். இருபதும் நான் மாலையில் பாடம் எடுக்கும் 'மெல்லக் கற்போர்' வகுப்புப் பிள்ளைகள். இருபது பேருக்கும் டிசி கொடுத்துவிட்டுப் பள்ளியை யார் நடத்துவது? அதனால் ஒருத்தியைப் பிடித்திருக்கிறார்கள். பவதாரணி. காலாண்டில் முப்பத்தொன்று வாங்கியவள் இப்போது எழுபத்து நான்கு வாங்கியிருக்கிறாள். அதுதான் அவள் செய்த குற்றம். ஒன்றை உலுக்கினால் மற்றதெல்லாம் தானாக உதிரும் என்று தாளாளரின் திட்டம். அடுத்த வியாழக்கிழமை டிசி, அதில் நன்னடத்தை என்ற இடத்தில் 'திருப்தி இல்லை'. அப்படி எழுதிக் கொடுத்தால் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. சஞ்சீவை விசாரணை முடிந்த பிறகு பார்த்துக்கொள்வார்களாம்.

இலக்கியா தொண்ணூறுக்குத் தொண்ணூறு. ஏ செக்‌ஷனில் என் மகள்தான் முதல். பாயசம் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். இந்தக் கோபத்தில் மறந்தே போனேன்.

பிப்ரவரி 4, புதன்

அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன். எழுதினால்தான் ஆத்திரம் கொஞ்சம் அடங்கும்.

ஓர் ஊரில் நூறு வீடுகள். நாற்பது வீட்டில் மாடு இருக்கிறது. மாடு உள்ள வீடுகளில் நாலில் ஒரு வீட்டில் ஆடும் உண்டு. மாடு இல்லாத வீடுகளிலும் நாலில் ஒரு வீட்டில் ஆடு உண்டு. ஒரு வீட்டில் ஆடு இருப்பது தெரிந்தால், அங்கே மாடும் இருக்க நிகழ்தகவு என்ன?

முக்கால்வாசிப் பிள்ளைகள் நாலில் ஒன்று என்று எழுதிவிட்டார்கள். மாடு தெரிந்தால் ஆடு என்பதும், ஆடு தெரிந்தால் மாடு என்பதும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் எல்லாரும் இங்கேதான் விழுவார்கள்.

என் மாலைப் பிள்ளைகளுக்குச் சூத்திரம் நிற்காது. அதனால் வட்டம் போடச் சொல்லிக் கொடுத்தேன். மாட்டுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று, நடுவில் ஒட்டும் இடத்தில் இரண்டும் உள்ள வீடு. மாட்டு வீடு நாற்பதில் பத்து நடுவில் வரும். மீதி அறுபது வீட்டில் பதினைந்தில் ஆடு மட்டும். 'தெரிந்தால்' என்ற சொல் வந்ததும் டஸ்டரை எடு என்பேன். ஆடு தெரிந்தால் ஆட்டு வட்டத்துக்கு வெளியே இருப்பதை எல்லாம் அழி. மிச்சம் இருப்பது இருபத்தைந்து வீடு. அதில் மாடும் இருப்பது பத்து. ஐந்தில் இரண்டு, அவ்வளவுதான் கணக்கு. விடுதி மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டவர்கள், வடை சாப்பிட்டவர்கள் என்று ஒரு மாதம் இதே ஆட்டம்தான் ஆடினோம்.

ஸ்டாஃப் ரூமில் பொன்னரசு சாரிடம் கேட்டேன்.

"ஏனுங் சார், பார்த்தவன் சரியா போடுவான், சரி. சரியா போட்டவன் பார்த்தவன்னு எப்படிங்க? நீங்களே போட்ட கணக்குல நீங்களே விழுந்துட்டீங்களே?"

"டீச்சர், அது கணக்கு. இது நிர்வாகம்."

"ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்க அல்லாரும் சட்டை போட்டிருக்காங்க. நீங்களும் போட்டிருக்கீங்க. போய்ப் படுத்துக்கறீங்களா?"

தமிழ் ஐயா சிரித்துவிட்டார். சார் முகம் கறுத்துப் போய் பேனாவைத் தேட ஆரம்பித்தார். பேனா சட்டைப் பையிலேயேதான் இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

பவதாரணியும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா விசைத்தறியில் வேலை. தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூட உதறாமல் வந்திருந்தார்.

"டீச்சருங்க, எம்புள்ள அப்படிப்பட்டவ இல்லீங்க. படிப்பு நின்னா எங்கூட தறிக்குத்தானுங்க வரோணும். எங்கண்ணன் வேற பையனை வெச்சுக்கிட்டு எப்ப எப்பன்னு கேட்டுட்டே இருக்காருங்க. நீங்கதான் பார்த்து ஏதாச்சு சொல்லோணும்."

அந்தப் பெண் அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் தப்பா போட்டிருக்கோணும் டீச்சர். வழக்கம்போலவே தப்பா போட்டிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. அப்புறம் தாளாளரை அறையலாம் போல இருந்தது. ஒரு மாதம் கழுதையாகக் கத்தி, கணக்கு வராது என்று எல்லாரும் ஒதுக்கிய பிள்ளைக்குக் கணக்கு வரவைத்தேன். இப்போது வந்ததே தப்பு என்கிறார்கள்.

அடுத்த வியாழக்கிழமைக்குள் அவளை இதிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

கேஸ் இன்னும் வரவில்லை. தாளாளர் ஊரில் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பால்காரரிடம் சண்டை போட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அவர் ஓசூரிலிருந்து வந்தார். கம்பெனி வேலை, ஞாயிறு மட்டும்தான் வீடு. கறி எடுத்து, பக்கத்து வீட்டு அடுப்பிலேயே குழம்பு வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே கதையைக் கேட்டார்.

"ஊர்ப் புள்ளைக்கெல்லாம் நீ எதுக்கு வக்காலத்து வாங்கற சாந்தாமணி? நாளைக்கு உன்ன வெளிய அனுப்புனா அந்தப் புள்ளையா சோறு போடும்?"

"நீங்க போடுவீங்கல்ல?"

"நான் போடறதுக்குத்தான் குழம்புல இவ்வளவு காரமா?"

இலக்கியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நாலைந்து நாளாகவே இப்படித்தான். என் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது.

"மா, நீ இதுல தலையிடாத. ப்ளீஸ்மா" என்றாள்.

"பயப்படாத கண்ணு. எல்லாப் பேப்பரையும் வாங்கி எண்ணி, படம் போட்டுக் காட்டப்போறேன். யார் உள்ள, யார் வெளியன்னு நாலு நம்பர்ல முடிஞ்சுரும்."

சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். பிறகு, "நானும் உன் ஈவ்னிங் கிளாஸ்ல ரெண்டு நாள் உக்காந்தேன்ல? என்னையும் உன் வட்டத்துக்குள்ள எண்ணிக்கோயேன்" என்றாள்.

சிரித்துவிட்டேன். வீட்டுச் சாவிக்காக வராந்தாவில் காதில் இயர்ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள், அதுவா வகுப்பு? ஏ செக்‌ஷன்காரர்கள் அந்த வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அம்மாவின் கணக்கில் ஒரு ஆள் கூடட்டும் என்று நினைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட மனசு அவளுக்கு. உனக்கெல்லாம் வட்டம் தேவையில்லை, நீ சூத்திரத்திலேயே போட்டுவிடுவாய் என்று தலையில் தட்டினேன். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

பிப்ரவரி 9, திங்கள்

பி, சி செக்‌ஷன் பேப்பர் கட்டுகள் கிடைத்தன. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு எண்ணினேன். என் மாலை வகுப்பில் முப்பது பேர். அதில் இருபது பேர் சரி. இருபது பேரும் வட்டம் போட்டிருக்கிறார்கள். சிலர் வட்டம் முட்டை மாதிரி, சிலர் மாட்டுக்குக் கொம்புகூட வரைந்திருக்கிறார்கள். பவதாரணி வெளியே உள்ளதைப் பென்சிலால் அடித்து அடித்து, தாளே கிழிந்திருக்கிறது. விடைக்குறிப்பில் வட்டம் என்ற பேச்சே கிடையாது, எல்லாம் சூத்திரம். குறிப்பைப் பார்த்து எழுதியவள் எதற்கு மாட்டுக்குக் கொம்பு வரைகிறாள்?

பி, சி செக்‌ஷனில் என் வகுப்புக்கு வராதவர்கள் ஐம்பது பேர். ஒருவர்கூடச் சரியாகப் போடவில்லை.

ஏ செக்‌ஷன் கட்டைக் கேட்டேன். பொன்னரசு சார் பூட்டிவைத்திருக்கிறாராம், சாவி வீட்டில் இருக்கிறதாம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாவி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. நாளைக்குக் கட்டு வராவிட்டால் பீரோவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

கட்டு வந்தது. கொடுக்கும்போது சார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"டீச்சர், இது வேண்டாமே. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லத நான் பார்த்துக்கறேன் சார்."

ஏ செக்‌ஷனில் நாற்பது பேர். எத்தனை பேர் சரி என்று நினைக்கிறீர்கள்? நான்கே நான்கு! போடத்தானே செய்வார்கள் என்றார்களே, முப்பத்தாறு பேர் நாலில் ஒன்று என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சந்தோஷத்தில் கையைத் தட்டிவிட்டேன். பக்கத்து ஆய்வகத்தில் இருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் முடிந்துவிட்டது. 'மாலை வகுப்பு' வட்டத்தில் முப்பது. 'சரியாகப் போட்டவர்' வட்டத்தில் இருபத்து நான்கு. இரண்டும் ஒட்டும் இடத்தில் இருபது. மாலை வகுப்பு என்று தெரிந்தால் முப்பதில் இருபது, மூன்றில் இரண்டு பேர் போட்டுவிடுவார்கள். அதற்குப் போட்டோ தேவையில்லை. மாலை வகுப்பு இல்லை என்று தெரிந்தால் தொண்ணூறில் நான்கு. அந்த நான்கு எப்படி வந்தது என்று தாளாளர்தான் யோசிக்க வேண்டும்.

நான்கில் மூன்று பேப்பரைப் பிரித்துப் பார்த்தேன். சஞ்சீவுடையதும் இன்னும் இரண்டும். வட்டம் இல்லை. சாருடைய குறிப்பில் உள்ள அதே வரிகள், வரிக்கு வரி. ஒரு சமக்குறிகூட இடம் மாறவில்லை.

நான்காவது இலக்கியாவுடையது. முன்பக்க மார்க்கோடு நிறுத்திவிட்டேன், பிரிக்கவில்லை. என் பெண்ணின் பேப்பரை நான் தொடுவதில்லை என்பது பள்ளியில் எல்லாருக்கும் தெரியும்.

சஞ்சீவ் மூன்று பேருக்கு அனுப்பினான். அவனோடு சேர்த்து நான்கு. வெளியே இருப்பதும் நான்கு பேர்.

சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும்.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் கோடு போட்ட சேலையை மாற்றி, மறுபடி அதையே கட்டிக்கொண்டு போனேன். இலக்கியா காய்ச்சல் என்று படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

தாளாளர் அறையில் அவரும் பொன்னரசு சாரும் இருந்தார்கள். மேசைமேல் டிசி எழுதித் தயாராக இருந்தது. வாசலில் பவதாரணியும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். வெள்ளைப் பலகையில் இரண்டு வட்டம் போட்டேன். இதுவரை ஆயிரம் முறை போட்டிருப்பேன், இன்று வட்டம் கோணலாக வந்தது. முப்பது, இருபது என்று எழுதினேன். மாலை வகுப்பு என்று தெரிந்தால் என்று சொல்லி வெளியே உள்ளதை அழித்துக் காட்டினேன். ஏ செக்‌ஷனில் முப்பத்தாறு பேர் தப்பு என்று சொன்னபோது தாளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொன்னரசு சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார்.

"அப்ப உங்க கிளாஸ்ல இல்லாம கரெக்டா போட்டது எத்தனை பேரும்மா?"

நான் பதில் சொல்வதற்குள் சார் எழுந்து என் பக்கத்தில் வந்தார். மெதுவான குரலில்தான் பேசினார்.

"மூணு பேருங்க ஐயா. டீச்சர் பொண்ணு இலக்கியாவும் ஈவ்னிங் கிளாஸ்ல உக்காந்து கேட்டுச்சாம். போன வாரமே எங்கிட்ட வந்து சொல்லுச்சு. அதனால அத உள்ள போட்டுக்கலாமுங்க. இல்லீங்களா டீச்சர்?"

அந்த ஆள் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

உள்ளே இருபத்தொன்று, வெளியே மூன்று. எழுதிவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் சஞ்சீவோடு சேர்த்து நான்கு பேர் பார்த்திருக்கிறார்கள். வெளியே மூன்றுதான் என்றால் நான்காவது ஆள் உள்ளேயிருந்து வர வேண்டும். உள்ளே யார் என்று கேட்டால் தாளாளர் கை எந்தப் பெயருக்குப் போகும் என்பதற்கு எந்தப் படமும் வேண்டாம். டிசியே எழுதியாகிவிட்டது.

பேப்பர் கட்டிலிருந்து இலக்கியாவுடையதை எடுத்துப் பிரித்தேன். கடைசிப் பக்கம். வட்டம் இல்லை. அதே வரிகள். என் மகளின் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும்.

வெளியே நான்கு என்று எழுதினேன்.

"நாலு பேருங்க ஐயா. நாலாவது என் பொண்ணு. எங் கிளாஸுக்கு அவ வந்ததே இல்லீங்க."

தாளாளர் டிசியைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். வாசலில் அந்த அம்மா கும்பிட்டது தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இலக்கியாவைப் போட்டு அடித்தேன். பதினாறு வயதுப் பெண்ணை அடிக்கக் கூடாது. அடித்தேன். அவள் கையைத் தடுக்கவே இல்லை.

"எனக்கு அந்தச் சாப்டரே வராதும்மா. ஏ செக்‌ஷன் ஃபர்ஸ்ட், கணக்கு டீச்சர் பொண்ணு. எனக்குப் புரியலன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்றது? உன் கிளாஸ்ல வந்து உக்காந்தா எல்லாரும் சிரிப்பாங்க. சஞ்சீவ் அனுப்பிச்சான், பார்த்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீதான் எனக்கு வட்டமே வேணாம்ன்னியே."

கேஸ் வந்திருந்தது. சிலிண்டரை மாற்றி ரசம் வைத்தேன். இருவரும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

முடிவைச் சொல்லிவிட்டார்கள். தாளாளர் என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார்.

"நல்லாப் படிக்கிற புள்ளைங்கம்மா. ஏதோ ஆசையில பண்ணிருச்சுங்க. நாலு பேரும் ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும். படிச்ச மாதிரியும் ஆச்சு. டிசியில எதுவும் எழுத வேண்டாம். வெளிய பேரும் தெரிய வேண்டாம். என்ன, சந்தோஷந்தான?"

நேற்று இதே அறையில், பேப்பரைப் பார்க்காத பெண்ணுக்கு டிசி எழுதிவைத்த மனிதர் இவர். பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் லீவு. வாயைத் திறந்திருந்தால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் என் மகளுக்கும் டிசி என்று ஆகிவிடும்.

"சரிங்க ஐயா" என்றேன். காபியையும் குடித்தேன்.

வெளியே வராந்தாவில் பவதாரணி காத்திருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்து வேகமாக நடந்தேன். எனக்கு அவள் நன்றி வேண்டாம். பக்கத்திலேயே ஓடிவந்தாள். அதற்குள் அவளுக்குச் செய்தி தெரிந்திருக்கிறது. இந்தப் பள்ளியில் எந்தப் பெயர் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது?

"டீச்சர், ஒரு டவுட்டுங்."

"என்ன?"

"நான் நெசமாவே பார்த்திருந்தா, எனக்கும் ஒரு வாரந்தானுங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. மாலை வகுப்பில் சந்தேகம் கேட்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம்தான். பதில் எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டு நின்றாள்.

"பெல் அடிச்சாச்சு, கிளாஸுக்குப் போ" என்று அதட்டினேன்.

பெல் அடிக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சரிங்க டீச்சர் என்று சொல்லிப் போய்விட்டாள்.